சிம்கோ ஏரிப் படகைக் குளிர்காலத்துக்கு மூடி வைத்தல்

டொரன்டோவில் இருந்து 404 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் சிம்கோ ஏரி வந்துவிடும். கோடையில் படகுகள் ஓடும் அதே ஏரியின் மேல், ஜனவரி பிப்ரவரியில் ஆட்கள் சின்னக் கூடாரம் அடித்து, உறைந்த பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். அவ்வளவு குளிர் வரும் ஊரில் படகு வைத்திருப்பவருக்கு அக்டோபர் மாதம் ஒரு கட்டாய வேலை காத்திருக்கும். எஞ்சினையும் டிரைவையும் குளிர்காலத்துக்கு மூடி வைக்க வேண்டும். நான் இதைப் பல வருடங்களாக வீட்டு முற்றத்தில் நானே செய்கிறேன். இந்த வருடம் செய்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். புதிதாகப் படகு வாங்கியிருக்கும் நம் ஆட்கள் சிலருக்கு உதவும்.

என்னுடையது 4.3 லிட்டர் வி6 மெர்க்ரூசர், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சின். அதோடு ஆல்ஃபா ஒன் ஜென் 2 டிரைவ். அதாவது எஞ்சின் படகுக்குள்ளே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். பின்பலகைக்கு வெளியே கால் மாதிரித் தொங்குகிற பாகம்தான் டிரைவ். கார் எஞ்சினில் கூலன்ட் ஒரு மூடிய சுற்றில் ஓடும், அதை நாம் தொட வேண்டியதே இல்லை. இந்தப் படகில் அப்படிக் கிடையாது. டிரைவில் இருக்கும் பம்ப் ஏரித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளும். அந்தத் தண்ணீர் பிளாக்கையும் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) மானிஃபோல்டுகளையும் (புகையை வெளியே கொண்டு போகும் வார்ப்பிரும்புக் குழாய்கள்) குளிர்வித்துவிட்டு, புகையோடு சேர்ந்து வெளியே போகும். எஞ்சினை நிறுத்தினால் உள்ளே நிற்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். கூலன்ட் இல்லை, உறைதடுப்பு இல்லை, வெறும் ஏரித் தண்ணீர்.

தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். வார்ப்பிரும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, வெடித்துவிடும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகட்டு அடைப்புகளை 'ஃப்ரீஸ் பிளக்' என்று பலரும் சொல்வதால், உறைந்தால் அவை பிதுங்கி எஞ்சினைக் காப்பாற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தத் துளைகள் உண்மையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மண் அச்சை வெளியே எடுப்பதற்காக விட்டவை. அந்த அடைப்பு தப்பித்தவறிப் பிதுங்கினாலும் பிளாக் வேறு இடத்தில் வெடித்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரின் படகில் அடைப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. வசந்தத்தில் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் வெளுத்துப் போயிருந்தது. உள்பக்கம் விரிசல். புது எஞ்சின்தான் போட்டார்.

அதனால் இந்த வேலையில் என் கவனம் எல்லாம் ஒரே கேள்வியின் மேல்தான்: தண்ணீர் இன்னும் எங்கே நிற்கிறது? பிளாக்கில், மானிஃபோல்டில், தொங்கும் ஹோஸில், டிரைவின் கியர் ஆயிலில், பெட்ரோல் டாங்கில். ஒவ்வொரு இடமாகப் போய்க் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும். கடையில் வாங்கும் பிங்க் ஆன்டிஃப்ரீஸ் என்ற உறைதடுப்பு அதற்கு அப்புறம் வரும் விஷயம்.

படகை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படகு ஏரியில் மிதக்கும் வரை அடியில் இருக்கும் தண்ணீரின் சூடு எஞ்சின் அறையைக் கொஞ்சம் காப்பாற்றும். அக்டோபரில் ஒரு இரவு பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் ஏரி உடனே உறைந்துவிடாது. டிரெய்லரில் ஏற்றிய நிமிடத்தில் அந்தக் காப்பு போய்விடும். நாலு பக்கமும் காற்று, அடியிலும் காற்று. ஆகவே ஏரியில் இருந்து எடுத்த அன்றே, குறைந்தது தண்ணீரையாவது வடித்துவிட வேண்டும். மற்ற வேலைகளை அடுத்த வாரம் பார்க்கலாம். நான் நன்றி நவிலல் நாள் நீள்விடுமுறைக்கு எடுக்கிறேன். அது அக்டோபர் இரண்டாவது திங்கள். அந்தச் சமயத்தோடு, சிம்கோ வழியாகப் போகும் டிரென்ட்-செவர்ன் நீர்வழியின் மதகுகளும் அந்த வருடத்துக்கு மூடிவிடும்.

படகை எடுக்கப் போகிற அன்று காலையிலேயே டாங்கை ஏறக்குறைய நிரப்பி, பெட்ரோல் கெட்டுப் போகாமல் காக்கும் ஸ்டெபிலைசரை அளவு பார்த்து ஊற்றினேன். அப்புறம்தான் கடைசிச் சுற்று. ஒன்டாரியோவில் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும்; 2020 முதல் சராசரியாக 10 சதவீதம், 2025 முதல் 11 சதவீதம் கலக்க வேண்டும் என்பது இங்கே விதி. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும், எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் உறிஞ்சும். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறைவு. விளிம்பு வரை நிரப்பக் கூடாது, பெட்ரோல் விரிய இடம் வேண்டும். ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் ஊற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டுவது. கரைக்கு வந்து ஊற்றி மூடி வைத்தால் டாங்குக்கு மட்டும்தான் நன்மை.

இறங்குதுறையில் படகை ஏற்றியதும், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே விடும் துளையின் அடைப்பான பில்ஜ் பிளக்கைக் கழற்றினேன். 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் இது சட்டம். படகைச் சாலையில் கொண்டு போகும் முன் வடிகால் அடைப்புகளைத் திறந்து விட வேண்டும். ஒட்டியிருக்கும் செடி, பாசி, உயிரினங்களையும் நீக்க வேண்டும். சிம்கோவில் வரிக்குதிரைச் சிப்பி நிறைய உண்டு. அது வேறு ஏரிக்குப் போகாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. டிரைவில் தண்ணீர் உள்ளே போகும் வலைத் துளைகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும். அதையும் சுரண்டிவிட்டேன்.

வீட்டு முற்றத்தில் டிரைவைக் கீழே இறக்கி, தண்ணீர் துளைகளின் மேல் மஃப் என்ற ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, தோட்டத்து ஹோஸை இணைத்தேன். முதலில் தண்ணீர், அப்புறம்தான் சாவி. பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ரப்பரால் ஆனது, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நொடிகளில் கருகும். எஞ்சின் அறையின் காற்றாடியையும் ஸ்டார்ட் செய்யும் முன் நாலு நிமிடம் ஓட விட வேண்டும். பெட்ரோல் ஆவி தங்கியிருந்தால் ஒரு பொறி போதும். கராஜுக்குள் நிறுத்தி ஓட்டவே கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

எஞ்சின் சூடாகும் வரை மெதுவாக ஓட விட்டேன். 1,500 சுற்றுக்கு மேல் போகவில்லை. சூடான ஆயில்தான் நன்றாக வெளியே வரும், கசடையும் சேர்த்து இழுத்து வரும். கடைசியில் ஃபாகிங் ஆயிலை எடுத்து, எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டரின் வாயில் அடித்தேன். எஞ்சின் திணறும், வெள்ளைப் புகை கக்கும், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். அடித்துக்கொண்டே நிறுத்திவிட வேண்டும். சிலிண்டர் சுவர், வால்வு எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கும். ஆறு மாதம் அசையாமல் நிற்கும் எஞ்சினுக்கு இது துருவில் இருந்து காப்பு. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இப்படி அடிக்காமல் அவரவர் கையேட்டைப் பார்க்கவும், முறை வேறு.

ஆயில் மாற்றுவது சுலபம். படகில் எஞ்சினுக்கு அடியில் கை போக இடம் இல்லாததால் ஆயில் குச்சியின் குழாய் வழியாகப் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். 25டபிள்யூ-40 படகு ஆயில், நாலே கால் லிட்டர் அளவு, புது ஃபில்டர். பழைய ஆயிலில் எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் இருக்கும் என்பதால் இதை வசந்தத்துக்குத் தள்ளி வைக்கக் கூடாது. தண்ணீரைப் பிரிக்கும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஃபில்டரில் இருந்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். இந்த முறை தெரியவில்லை.

இனி முக்கியமான வேலை.

பிளாக்கின் இரண்டு பக்கமும், ஆயில் சட்டிக்குக் கொஞ்சம் மேலே, பக்கத்துக்கு ஒரு பித்தளைப் பிளக். மானிஃபோல்டுகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று. பிறகு எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் சுழற்சிப் பம்பின் பெரிய கீழ் ஹோஸ். பவர் ஸ்டியரிங் கூலருக்குப் போகும் ஹோஸ். வெவ்வேறு வருட எஞ்சின்களில் இடம் மாறும்; சிலவற்றில் நீலப் பிளாஸ்டிக் பிளக்குகள், சிலவற்றில் காற்றுப் பம்ப் அடித்து ஒரே இடத்தில் இருந்து திறக்கும் அமைப்பு. எதுவானாலும் உங்கள் எஞ்சினுக்கான கையேட்டில் இருக்கும் படத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்துக் கழற்ற வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பிளக்கையும் ஒரே தட்டில் வைப்பேன். தட்டில் இருக்கும் எண்ணிக்கையும் படத்தில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த வருடம் அக்கா மகன் கூட நின்றான். டார்ச் பிடிப்பது அவன் வேலை. இடது பக்கப் பிளாக் பிளக்கைக் கழற்றியதும் தண்ணீர் விரல் தடிமனில் பீய்ச்சி அடித்தது. வலது பக்கம் கழற்றினேன். ரெண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

"இந்தப் பக்கம் காலி ஆயிடுச்சு மாமா," என்றான்.

"காலி ஆகலடா. அடைச்சிருக்கு. அந்தக் கம்பியை எடு."

பிளாக்கின் அடியில் துருச் செதிலும் ஏரி மணலும் வண்டலாகச் சேரும். பிளக்கைக் கழற்றினாலும் அந்த வண்டல் துளையின் உள்வாயை மூடிக்கொண்டு நிற்கும். வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தண்ணீர் வடிந்துவிட்டது போல் தோன்றும், உள்ளே லிட்டர் கணக்கில் இருக்கும். துணி உலர்த்தும் கம்பி ஹேங்கரை நேராக்கி நுனியைச் சிறிது வளைத்து வைத்திருக்கிறேன். அதைத் துளைக்குள் விட்டு மேலும் கீழும் குத்தினேன். முதலில் மணல் நெருநெருவென்று கையில் தெரிந்தது. அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு சேறு, துருச் செதில் ரெண்டு மூன்று, அதன் பின்னால் தண்ணீர் கொட்டியது. இடது பக்கம் வந்த அளவுக்கே இங்கேயும் வந்தது. நின்றதும் மறுபடி குத்தினேன். மறுபடி கொஞ்சம் வந்தது. கம்பி காய்ந்து வெளியே வரும் வரை விடக் கூடாது. மானிஃபோல்டுகளுக்கும் இதே வைத்தியம்தான். ஒரு பிளக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் வர வேண்டிய நினைப்பு அடைப்பு என்பதே.

காசு கொடுத்துச் செய்விப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: கம்பி போட்டுக் குத்தினீர்களா என்று கேளுங்கள். வெளியே கொடுத்துச் செய்த ஒரு நண்பரின் படகில் பிளாக்கை வடித்துவிட்டு மானிஃபோல்டை விட்டிருந்தார்கள். வசந்தத்தில் ஒரு மானிஃபோல்டு அடியோடு பிளந்திருந்தது. உறைந்து வெடித்த சேதத்தைப் பல படகுக் காப்புறுதிகள் ஏற்பதும் இல்லை.

ஹோஸ்களைக் கழற்றி, தாழ்வாகத் தொங்கும் வளைவுகளைக் கையால் தூக்கிக் கீழே வடித்தேன். பிறகு பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி சாவியை ஒரு நொடி, ரெண்டு நொடி திருப்பும்படி அக்கா மகனிடம் சொன்னேன். பம்பில் தங்கிய மிச்சத் தண்ணீர் டிரைவின் அடியில் இருந்து வழிந்தது.

இப்போது எஞ்சின் காலி. இந்த நிலையிலேயே விட்டுவிடுபவர்கள் உண்டு, அது தவறும் இல்லை. நான் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுகிறேன். காரணம் உறைவதைத் தடுப்பது மட்டும் இல்லை; அதில் இருக்கும் துருத்தடுப்பான் ஈரமான வார்ப்பிரும்பைக் காப்பாற்றும், ரப்பர் காய்ந்து போகாமல் இருக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீரை வடிக்காமலே, ஒரு வாளியில் ஆன்டிஃப்ரீஸை வைத்து மஃப் வழியாக எஞ்சினை ஓடவிட்டு உறிஞ்ச வைப்பார்கள். புகைக்குழாயில் பிங்க் நிறம் வந்ததும் முடிந்தது என்று நிறுத்துவார்கள். எஞ்சினில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. 71 டிகிரி சூடு வந்தால்தான் அது திறக்கும். அது வரை வரும் புதுத் தண்ணீர் பிளாக்குக்குள் போகாமலே மானிஃபோல்டு வழியாக வெளியே போய்விடும். வாளியில் இருந்து வரும் குளிர்ந்த ஆன்டிஃப்ரீஸ் தெர்மோஸ்டாட்டை மூட வைக்கும். வெளியே பிங்க் வந்தாலும் பிளாக்குக்குள் பழைய ஏரித் தண்ணீரே நிற்கலாம். இல்லையென்றால் அரைகுறையாகக் கலந்திருக்கும்.

அந்தக் கலப்புதான் ஆபத்து. ஜாடியின் மேல் -50 என்று பெரிதாகப் போட்டிருப்பது குழாய் வெடிக்காது என்ற வரம்பு, அதுவும் ஃபாரன்ஹீட்டில், அதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல் ஊற்றினால். அதற்கு வெகு முன்னாலேயே அது கூழ் மாதிரி இறுகத் தொடங்கும். தண்ணீர் சேரச் சேர அந்த வரம்பு மேலே ஏறிவிடும். அதனால் பிளக்குகளை மறுபடி பூட்டிவிட்டு, கழற்றிய ஹோஸ் வாய்களில் புனல் வைத்துக் கையாலேயே ஊற்றினேன். சுழற்சிப் பம்பின் பெரிய ஹோஸ் வழியாகப் பிளாக்குக்கு. தெர்மோஸ்டாட் இருக்கும் உறையில் இருந்து போகும் ஹோஸ்கள் வழியாக மானிஃபோல்டுகளுக்கு. உள்ளே போகும் சத்தம் மாறி மேலே எட்டிப் பார்க்கும் வரை ஊற்றினேன். புரொப்பிலீன் கிளைக்கால் வகைதான். எத்திலீன் கிளைக்கால் நாய் பூனைக்கு விஷம், அது இந்த வேலைக்கே வேண்டாம்.

ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் கழித்து, ஒரு மானிஃபோல்டுப் பிளக்கைச் சற்றுத் தளர்த்தி ரெண்டு சொட்டு எடுத்து, எந்தக் குளிரில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். புரொப்பிலீனுக்கு அதில் தனிக் கோடு உண்டு. ஜாடியில் இருந்து நேராக எடுத்த சொட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் உள்ளே தண்ணீர் தங்கவில்லை. இந்தச் சின்னக் கருவி விலை அதிகம் இல்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிரைவ். பலர் எஞ்சினைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு டிரைவை வசந்தத்தில் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கியர் ஆயிலுக்குள் தண்ணீர் போயிருந்தால் அதுவும் உறையும், அலுமினிய உறை வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் ஆறு மாதம் பேரிங்குகள் தண்ணீரில் ஊறி நிற்கும். கியர் ஆயிலை இலையுதிர் காலத்தில் மாற்றுவதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

டிரைவை நேராகக் கீழே இறக்கி, அடியில் பாத்திரம் வைத்து, முதலில் கீழ்ப் பிளக்கைக் கழற்றினேன். மேல் பிளக் இன்னும் மூடியே இருந்ததால் ஆயில் மெதுவாகத்தான் வந்தது. அந்த முதல் கரண்டி அளவைத்தான் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஆயிலை விடக் கனமானது, நின்றிருக்கும் டிரைவில் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் வரும். ஓடிக் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். இந்த முறை ஆயில் கறுத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. கீழ்ப் பிளக்கின் நுனி காந்தம். அதில் சாம்பல் நிறப் பொடி பஞ்சு போலப் படிந்திருந்தது. அது சாதாரணத் தேய்மானம். விரலில் உருட்டினால் பொடியாகப் போக வேண்டும். ஊசி மாதிரியோ தகடு மாதிரியோ குத்தினால் பல் உடைகிறது என்று அர்த்தம், அப்போது டிரைவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

மேல் பிளக்கையும் திறந்து முழுவதும் வடிய விட்டு, மதியச் சாப்பாடு முடித்து வந்து நிரப்பினேன். நிரப்புவது எப்போதும் கீழே இருந்து. மேலே இருந்து ஊற்றினால் காற்று சிக்கி, நிறைந்துவிட்டது என்று ஏமாற்றும். பம்பை அடிக்க அடிக்க மேல் துளையில் முதலில் குமிழி வரும், அப்புறம் குமிழி இல்லாத ஆயில் வரும். அப்போது மேல் பிளக்கை முதலில் பூட்ட வேண்டும். எஞ்சின் அறையில் இருக்கும் ஆயில் புட்டியில் மட்டம் ஏறும் வரை இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு, பம்பைக் கழற்றிய கையோடு கீழ்ப் பிளக்கைச் செருக வேண்டும். டிரைவுக்கும் புட்டிக்கும் சேர்த்து 1.9 லிட்டர் அளவு பிடிக்கும். பிளக்குகளின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசுக்குத்தான் தண்ணீர் உள்ளே போகும்.

புரொப்பெல்லரையும் கழற்றினேன். அதன் பின்னால் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் என்ற வளையத்தை நரம்பு அறுத்துவிடும், கியர் ஆயிலுக்குத் தண்ணீர் போகும் பெரிய வழி அது. இந்த முறை கொஞ்சம் இருந்தது, மெல்லிய நீல நிறம், அந்த வளையத்தைத் தொடும் அளவுக்கு இறங்கவில்லை. கொக்கி வைத்து இழுத்து எடுத்துவிட்டு, ஷாஃப்டுக்குக் கிரீஸ் போட்டுப் புரொப்பெல்லரை உள்ளே எடுத்து வைத்தேன்.

பிறகு டிரைவையே கழற்றினேன். வருடம் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஞ்சினில் இருந்து டிரைவுக்கு வரும் ஷாஃப்ட் பெல்லோஸ் என்ற மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்றுக்குள் ஓடுகிறது. அந்த ரப்பரில் ஒரு சிறு கீறல் விழுந்தால் ஏரித் தண்ணீர் உள்ளே இருக்கும் கிம்பல் பேரிங்கையும் (ஷாஃப்டைத் தாங்குவது) யூ-ஜாயின்ட்டையும் (ஷாஃப்ட் வளைந்து சுழல உதவும் மூட்டு) தின்றுவிடும். ஓட்டை பெரிதானால் படகுக்குள்ளேயே தண்ணீர் வரும். வெளியே இருந்து பார்த்தால் மடிப்புகளுக்குள் இருக்கும் கீறல் தெரியாது.

கியரை முன்னோக்கிப் போட்டு, டிரைவைத் தூக்கி இறக்கும் டிரிம் சிலிண்டர்களை விடுவித்து, ஆறு நட்டுகளைத் தளர்த்தினால் டிரைவ் பின்னால் வரும். கனமான சாமான், தனி ஆளாகத் தாங்கப் பார்க்காதீர்கள். சக்கரம் வைத்த தாங்கி ஒன்று நான் மரத்தில் அடித்து வைத்திருக்கிறேன், கூட ஒரு ஆளும் நிற்க வேண்டும். டிரைவ் வெளியே வந்ததும் பெல்லோஸுக்குள் கையை விட்டேன். காய்ந்திருந்தது. துருக் கலந்த ஈரம் இருந்தால் கை சொல்லிவிடும். விரலை வைத்து பேரிங்கைச் சுற்றினேன், தடங்கல் இல்லை. கரகரவென்று உரசினால் மாற்ற வேண்டும். எஞ்சின் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் பாரைச் செருகினேன், ரெண்டு விரலில் தள்ளியதும் ஷாஃப்ட் பொருந்தும் எஞ்சின் கப்ளருக்குள் போய் உட்கார்ந்தது. முட்டிக்கொண்டு நின்றால் எஞ்சினின் முன் தாங்கிகளைச் சரி செய்து உயரம் பார்க்க வேண்டும்.

ஷாஃப்டின் பல்லுகளில் பழைய கிரீஸைத் துடைத்து, கப்ளருக்கென்றே விற்கும் ஸ்ப்லைன் கிரீஸைத் தடவினேன். சாதாரணக் கிரீஸ் அந்த வேகத்தில் தெறித்துப் போய்விடும். ஓ-ரிங்குகள், நடுவில் வரும் காஸ்கெட், தண்ணீர் வழியின் சீல் எல்லாம் புதிது. திரும்ப ஏற்றும்போது பல் பொருந்தாமல் நின்றால் தள்ளக் கூடாது. ஷாஃப்டைப் புரொப்பெல்லர் பக்கம் இருந்து மெதுவாக இடப்பக்கமாகத் திருப்பினால் ஒரு இடத்தில் தானாக உள்ளே போகும். ஆறு நட்டுகளையும் மாற்றி மாற்றி 50 அடி-பவுண்டுக்கு முறுக்கினேன்.

இம்பெல்லரைப் போன வருடம்தான் மாற்றினேன் என்பதால் இந்த முறை விட்டுவிட்டேன். டிரைவின் உலோகத்துக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்து அதைக் காக்கும், துத்தநாகத் துண்டு என்று எல்லாரும் சொல்லும் ஆனோடுகள் பாதி கரைந்திருந்தன. புதிதாக மாட்டியது மக்னீசியம். உப்புத் தண்ணீருக்குத்தான் துத்தநாகம். நன்னீரில் அதன் மேல் ஒரு வெள்ளைப் படலம் மூடி வேலை செய்யாமல் நின்றுவிடும், அப்போது டிரைவின் அலுமினியம்தான் கரையும்.

குளிர்காலம் முழுக்க டிரைவ் கீழே இறங்கிய நிலையில்தான் நிற்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் பெல்லோஸ் ஒரு பக்கம் இழுபட்டபடியே ஆறு மாதம் குளிரில் விறைக்கும், கீறல் விழ அதுவே போதும். புரொப்பெல்லர் வழியிலும் வேகமானிக் குழாயிலும் மழைத் தண்ணீர் தேங்கி உறையும். கீழே இருந்தால் எல்லாம் தானாக வடியும். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி வைத்தேன், படகுக்குள் போகும் தண்ணீர் பின்னால் ஓடி பில்ஜ் துளை வழியாகப் போகும்.

பாட்டரியைக் கழற்றி வீட்டு நிலவறையில் வைத்துவிட்டேன். நிறைவாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி இந்த ஊர்க் குளிரில் உறையாது, காலியானது -10 டிகிரிக்கு முன்பின்னாகவே உறைந்து வெடிக்கும். எஞ்சின் அறைக்குள் ஒரு பல்பையோ சின்ன ஹீட்டரையோ எரிய விட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி தடுக்கும் வசதி இல்லாத மின் சாமானை மாதக்கணக்கில் விட்டு வைப்பது உயிரோடு விளையாடுவது. மின்சாரம் போகும் ராத்திரிதான் குளிரும் அதிகமாக இருக்கும்.

எலிதான் மிச்சம். கார்புரேட்டர் காற்று வாயையும் புகைக்குழாய் வாயையும் துணியால் அடைத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா வெளியே தொங்கும்படி கட்டினேன். படுதாவுக்கு நடுவில் கம்பு கொடுத்து உயர்த்தினேன், பனி தேங்காமல் சரிய வேண்டும், பக்கவாட்டில் காற்றும் போக வேண்டும். பழைய ஆயிலையும் கியர் ஆயிலையும் மூடி போட்ட கேன்களில் ஊற்றி மாநகராட்சியின் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தாயிற்று. வசந்தத்தில் வடிக்கும் ஆன்டிஃப்ரீஸுக்கும் காலி ஜாடிகளை எடுத்து வைத்திருக்கிறேன், அது ஏரிக்குள் போகக் கூடாது.

சாவியையும் பில்ஜ் பிளக்கையும் ஒரே பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டினேன். கூடவே ஒரு சீட்டு: பில்ஜ் பிளக் போடு. ரெண்டு அடைப்புத் துணியையும் எடு. இக்னிஷன் காயிலின் ஒயரை மாட்டு. புரொப்பெல்லர் நிலவறையில். கியர் ஆயில் மட்டம் பார். காற்றாடி நாலு நிமிடம், தண்ணீர், அதற்குப் பிறகு சாவி.